மூக்கில் இருந்து தண்டுவடத்துக்கு: ஒரே ஒருத்தர் நடந்த கதை

போன மாசம் எபிசோட் ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. டேட்டாபேஸ் பத்தி ஒரு எபிசோட் பாதி ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தேன். அப்போதான் பெரியப்பாகிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "நீ கம்ப்யூட்டர்லதானே இருக்கே, இதைக் கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுப்பா."

பிடிஎஃப் ஒரு கிளினிக்கோட பிரோஷர். முதுகுல அடிபட்டு கால் செயலிழந்தவங்களுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை. மூணு சிட்டிங், மொத்தம் ஒன்பது லட்சம். கடைசிப் பக்கத்துல போலந்து நாட்டுல ஒருத்தர் எழுந்து நடந்தார்னு பெரிய எழுத்துல ஒரு செய்தி.

பெரியப்பா பையனுக்கு, அதாவது எங்க அண்ணனுக்கு, 2019-ல பைக் ஆக்சிடென்ட். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. வீல்சேர்ல உட்கார்ந்து வீட்டுல இருந்தே அக்கவுன்ட்ஸ் வேலை பார்க்கிறார். ஊர்ல இருக்கிற நாற்பது சென்ட் நிலத்தை வித்துடலாம்னு பெரியப்பா கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டார். என்கிட்ட கேட்டது ஒரு திருப்திக்குத்தான். (அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதையெல்லாம் இங்க சொல்றேன்.)

நான் டாக்டர் இல்லை. ஒரு மாசம் ராத்திரி உட்கார்ந்து மருத்துவக் கட்டுரைகளைப் படிச்ச ஒரு இன்ஜினியர், அவ்வளவுதான். அந்த போலந்துச் செய்தி பொய்யா இருக்கும்னு நினைச்சுத்தான் தேட ஆரம்பிச்சேன். பொய் இல்லை. உண்மையிலேயே நடந்திருக்கு. அதுதான் என்னை ஒரு மாசம் இழுத்தது.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்குவோம். முதுகெலும்பு வேற, தண்டுவடம் வேற. முதுகெலும்பு வெளியில இருக்கிற எலும்புக் கூண்டு. அதுக்குள்ள ஓடுறது தண்டுவடம். விரல் தடிமன், சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், தொட்டா மெத்துன்னு இருக்கும். எலும்பு உடைஞ்சா கூடிடும். தண்டுவடம் அறுந்தா கூடாது. ஏன் கூடாதுங்கிறதுதான் கேள்வி.

என்னை மாதிரி ஆளுங்களுக்கு உடனே தோணுறது, "கேபிள் அறுந்துபோச்சு, ஜாயின்ட் போட்டா சரியாயிடும்." நானும் முதல் ரெண்டு நாள் அப்படித்தான் நினைச்சேன். அந்த உதாரணத்தைத் தூக்கிப் போட்டுடுங்க. கேபிள்ல ரெண்டு முனையையும் பிடிச்சு ஒட்டலாம். இங்க ஒவ்வொரு இழையும் ஒரு உயிருள்ள செல்லோட வால். அந்த வாலுக்குப் பேர் ஆக்ஸான். காலை அசைக்கச் சொல்ற கட்டளையைக் கொண்டுபோற செல்லோட உடம்பு மூளையில இருக்கும், வால் மட்டும் தண்டுவடம் வழியா கீழே இறங்கும். நடுவுல அறுந்தா, அறுபட்ட இடத்துக்குக் கீழே இருக்கிற துண்டு செத்துடும். ஒட்டுறதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் மிச்சம் இருக்காது. மேல இருக்கிற முனை மறுபடி வளர்ந்து, வழி கண்டுபிடிச்சு, சரியான இடத்துல போய்ச் சேரணும்.

வளரவே முடியாதான்னா, முடியும். கையில ஒரு நரம்பு வெட்டுப்பட்டா அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குல திரும்ப வளரும். தண்டுவடத்துல வளராது. ரொம்ப காலம் "மூளை, தண்டுவடத்து நரம்புக்கு வளரும் சக்தியே கிடையாது"ன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தாங்க. 1980-கள் தொடக்கத்துல கனடாவுல மாண்ட்ரியால்ல ஆல்பர்ட் அகுவாயோ குழு எலிகளை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. கால் நரம்புல இருந்து ஒரு துண்டை எடுத்து தண்டுவடத்துப் பக்கத்துல பாலம் மாதிரி வெச்சாங்க. தண்டுவடத்து ஆக்ஸான்கள் அந்தத் துண்டுக்குள்ள நுழைஞ்சு சென்டிமீட்டர் கணக்குல வளர்ந்துச்சு. அந்தப் பக்கம் போய் மறுபடி தண்டுவடத்துக்குள்ள நுழையுற இடத்துல நின்னுடுச்சு. அப்போ நரம்புல குறை இல்லை. சுத்தி இருக்கிற சூழல்தான் வளர விடலை.

அந்தச் சூழல் கொஞ்சம் கொடூரமானது. அடிபட்ட நிமிஷத்துல நடக்கிற சேதத்தைவிட, அடுத்த சில நாள்ல வர்ற வீக்கமும் ரத்தக்கசிவும் அதிகமா செல்களைக் கொல்லுது. அப்புறம் உடம்பு அந்த இடத்தைச் சுத்தி ஒரு தழும்புச் சுவர் எழுப்பும். சேதம் மேல பரவாம தடுக்கத்தான் அந்தச் சுவர். ஆனா அதே சுவர் ஆக்ஸான் வளர்றதையும் மறிக்குது. நடுவுல பெரும்பாலும் நீர் நிரம்பின ஒரு ஓட்டை. மிச்சம் இருக்கிற உறைகளோட சிதைவுல, வளராதேன்னு சொல்ற புரதங்கள் வேற. ஆக, எந்த செல்லைக் கொண்டுபோய் வெச்சாலும் அது சமாளிக்க வேண்டியது இவ்வளவு இருக்கு.

இப்போ மூக்குக்கு வருவோம். ஆமா, மூக்கு.

வாசனை பிடிக்கிற நரம்புச் செல்கள் வெளிக்காத்துல நேரடியாப் படுற இடத்துல இருக்கு. தூசி, சளி, கிருமி எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு சீக்கிரம் செத்துடும். அதனால உடம்பு வாழ்நாள் முழுக்க புதுசு புதுசா உருவாக்கிக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு புது செல்லும் தன் ஆக்ஸானை மூக்கில இருந்து மூளைக்குள்ள அனுப்பணும். அதாவது, வளர்ந்த மனுஷனோட மத்திய நரம்பு மண்டலத்துக்குள்ள புது நரம்பிழைகளைத் தினமும் உள்ள விடுற ஒரு கேட் அங்க இருக்கு. அந்த கேட்டைத் திறந்து விடுறது ஓல்ஃபாக்டரி என்ஷீத்திங் செல்னு ஒரு வகை. ஆக்ஸானைச் சுத்திக் கை பிடிச்சு, மூளைக்குள்ள கூட்டிட்டுப் போற செல். லண்டன்ல இருந்த ஜெஃப்ரி ரெய்ஸ்மன் 1985-ல இதோட வேலையை அடையாளம் கண்டார். 1997-ல அவர் குழு இந்த செல்களை எலியோட தண்டுவடத்துல வெச்சு, அறுந்த இழைகள் திரும்ப வளர்றதையும், எலி முன்னங்காலைப் பழையபடி பயன்படுத்துறதையும் காட்டினாங்க.

இங்கதான் போலந்து வருது. டேரெக் ஃபிடிகா, தன்னார்வத் தீயணைப்பு வீரர். 2010-ல கத்தியால பல தடவை குத்தப்பட்டார். ஒரு குத்து நெஞ்சு மட்டத்துல தண்டுவடத்தை அறுத்துடுச்சு. ரெண்டு முனைக்கும் நடுவுல 8 மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு ஓரத்துல மெல்லிசா ஒரு தழும்புப் பட்டை மட்டும் மிச்சம். இடுப்புக்குக் கீழே ஒண்ணும் இல்லை. மாசக்கணக்குல தீவிரமா பிசியோதெரபி பண்ணியும் எந்த முன்னேற்றமும் இல்லை. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

2012-ல வ்ரோட்ஸ்வாஃப் நகரத்துல பாவெல் தபாகோவ் தலைமையில ஆபரேஷன். சாதாரணமா இந்த செல்லை மூக்கோட உள்சவ்வுல இருந்தே எடுப்பாங்க. ஃபிடிகாவுக்கு சைனஸ் பிரச்சினை இருந்ததால அது முடியலை. அதனால மண்டையோட்டைத் திறந்து, மூளைக்கு அடியில இருக்கிற ரெண்டு வாசனைக் குமிழ்ல ஒண்ணை எடுத்துட்டாங்க. அதை லேப்ல சுமார் ரெண்டு வாரம் வளர்த்தப்போ கிடைச்சது ஒரு சொட்டு, அதுல ஏறக்குறைய 5 லட்சம் செல். அதை அறுபட்ட இடத்துக்கு மேலேயும் கீழேயும் சுமார் 100 நுண் ஊசிகளாப் போட்டாங்க. கணுக்கால்ல இருந்து எடுத்த நரம்புல நாலு துண்டை அந்த 8 மில்லிமீட்டர் இடைவெளிக்குக் குறுக்கே பாலமா வெச்சாங்க. மாண்ட்ரியால்ல எலிக்கு வெச்ச அதே பாலம்தான். இந்தத் தடவை ரெண்டு முனையிலேயும் கேட் திறக்கிற ஆளும் இருந்தாங்க.

ஆபரேஷன் முடிஞ்சதும் சினிமா மாதிரி எழுந்து நிக்கலை. வாரத்துக்கு அஞ்சு நாள், ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் பயிற்சி. சுமார் மூணு மாசம் கழிச்சு, இடது தொடையில தசை ஏறுறதை அவரே கவனிச்சார். ஆறு மாசத்துல காலுக்கு பிரேஸ் கட்டி, ரெண்டு பக்கமும் கம்பியைப் பிடிச்சு, ஒரு தெரபிஸ்ட் துணையோட முதல் அடிகள். ரெண்டு வருஷத்துல வாக்கர் பிடிச்சு வெளியே நடந்தார். சிறுநீர்ப்பை, குடல் உணர்வு கொஞ்சம் திரும்ப வந்தது. 2014 அக்டோபர்ல ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது, பிபிசி ஆவணப்படமும் வந்தது, உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

மருத்துவர்கள் இந்தக் காயங்களை ஏ-ல இருந்து இ வரைக்கும் தரம் பிரிப்பாங்க. ஏ-ன்னா கீழே ஒண்ணுமே இல்லை, இ-ன்னா இயல்பு நிலை. ஃபிடிகா ஏ-ல இருந்து சி-க்கு வந்தார். சி-ன்னா அசைவு இருக்கு, ஆனா பெரும்பாலான தசைகள் எடையைத் தாங்குற அளவுக்கு வலுவா இல்லை. பத்திரிகைத் தலைப்புல இருந்த "நடந்தார்"ங்கிற வார்த்தைக்கும் ஆய்வுக் கட்டுரையில இருந்த "சி"ங்கிற எழுத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்துலதான் பிரோஷர்கள் கடை போடுறாங்க.

இப்போ ஒரு இன்ஜினியரா என் பிரச்சினை. இது ஒரே ஒருத்தர். என்ன வேலை செஞ்சதுன்னு எப்படிச் சொல்றது? மூக்குச் செல்லா, கணுக்கால் நரம்பா, தழும்பை வெட்டி எடுத்ததா, அஞ்சு மணி நேரப் பயிற்சியா, அந்த ஓரத்துல மிச்சம் இருந்த பட்டையில ஏதாவது இழை உயிரோட இருந்து விழிச்சுதா? நம்ம வேலையில ஒரே நாள்ல அஞ்சு மாற்றத்தை ப்ரொடக்‌ஷன்ல தள்ளிட்டு, ஆப் வேகமாயிடுச்சுன்னா எது காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது. அதே நிலைமைதான். ஃபிடிகா விஷயத்துல பயிற்சி மட்டும் காரணமா இருக்க வாய்ப்பு குறைவு, ஏன்னா ஆபரேஷனுக்கு முன்னாடி அதே தீவிரப் பயிற்சி எதுவும் தரலை. ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன வரி இதுக்குத்தான். ஆனா மத்த நாலையும் பிரிக்க முடியாது. இதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் நகரத்துல மூணு பேருக்கு இந்த மூக்குச் செல்லை மட்டும், பாலம் இல்லாம வெச்சுப் பார்த்தாங்க. மூணு வருஷம் கண்காணிச்சதுல பாதுகாப்புப் பிரச்சினை எதுவும் இல்லை, ஆனா அசைவும் திரும்பலை. ரெய்ஸ்மன் 2017-ல இறந்துட்டார். ஃபிடிகாவோட வெற்றியைப் பல பேர்கிட்ட திரும்பச் செஞ்சு காட்டுறதைப் பார்க்க அவர் இல்லை.

மூக்குன்னதும் இன்னொரு கதையையும் சொல்லியே ஆகணும், இதை எந்தப் பிரோஷர்லயும் போட மாட்டாங்க. 18 வயசுல தண்டுவடம் அடிபட்ட ஒரு அமெரிக்கப் பெண். மூணு வருஷம் கழிச்சு வெளிநாடு போய், மூக்கோட உள்சவ்வை அப்படியே தண்டுவடத்துல வெச்சுக்கிட்டார். செல்லைப் பிரிச்சு வளர்க்கலை, சவ்வையே வெச்சாங்க. பலன் எதுவும் இல்லை. எட்டு வருஷம் கழிச்சு முதுகுவலி. ஸ்கேன்ல ஒரு கட்டி. திறந்து பார்த்தா, முதுகுக்குள்ள மூக்குத் திசு வளர்ந்து, சளி மாதிரி கெட்டியா சுரந்துகிட்டு இருந்தது. ஆபரேஷன் பண்ணி எடுக்க வேண்டி வந்தது. இதுவும் 2014-லதான் மருத்துவ இதழ்ல வந்தது. செல்லுக்கு நம்ம நோக்கம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்ச வேலையைத்தான் அது போற இடத்துல செய்யும்.

மூக்கு மட்டுமே வழின்னு இல்லை. அமெரிக்காவுல ஜெரான் நிறுவனம் கருவில இருந்து எடுத்த ஸ்டெம் செல்லை, நரம்புக்கு உறை போடுற செல்லா மாத்தி 2010-ல முதல் நோயாளிக்குக் கொடுத்தது. அடுத்த வருஷமே பணக் காரணத்தால நிறுத்திட்டாங்க, வேற நிறுவனங்கள் எடுத்து நடத்துறாங்க. ஜப்பான் கதைகள் ரெண்டு இருக்கு, அதுல கொஞ்சம் நிக்கலாம்.

முதல் கதை சப்போரோ. நோயாளியோட எலும்பு மஜ்ஜை செல்லை எடுத்து, வளர்த்து, ட்ரிப்ஸ் மாதிரி ரத்தக்குழாய்ல ஏத்துறாங்க. ஸ்டெமிராக்னு பேர். அடிபட்ட ஒரு மாசத்துக்குள்ள இருந்தவங்க 13 பேருக்குக் கொடுத்ததுல 12 பேருக்குத் தரம் ஏறுச்சுன்னு சொல்லி, 2018 டிசம்பர்ல ஜப்பான் அரசு நிபந்தனையோட அனுமதி கொடுத்தது. 13-ல 12-ன்னா 92 சதவீதம். பெரியப்பாகிட்ட இந்த நம்பரை மட்டும் காட்டினா அன்னைக்கே நிலத்தை வித்திருப்பார். ஆனா அந்த ட்ரையல்ல ஒப்பிட்டுப் பார்க்க, செல் கொடுக்காத இன்னொரு குழு இல்லை. அடிபட்ட முதல் சில மாசத்துல எந்தச் செல்லும் இல்லாமலே பலருக்குக் கொஞ்சம் தானா திரும்பும். வீக்கம் வடியும், அறுபடாத இழைகள் விழிக்கும். அப்போ 12 பேர்ல எத்தனை பேர் எப்படியும் முன்னேறியிருப்பாங்க? வெளிநாட்டு விஞ்ஞானிகள் இதைத்தான் கடுமையாக் கேட்டாங்க. பணம் வாங்கி விக்க ஆரம்பிச்சுட்டா, அப்புறம் யார் "எனக்கு வெறும் ட்ரிப்ஸ் போதும், ஒப்பீட்டுக் குழுவுல சேர்றேன்"னு வருவாங்க?

ரெண்டாவது, டோக்கியோவுல கெய்யோ பல்கலைக்கழகம். ஹிதெயுகி ஒகானோ, மசாயா நகமுரா குழு. வளர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்கி, அதுல இருந்து நரம்பு முன்னோடிச் செல்லை உருவாக்கி, 20 லட்சம் செல்லை நேரா அடிபட்ட இடத்துலயே வெச்சாங்க. முதல் ஆபரேஷன் 2021 டிசம்பர்ல. மொத்தம் நாலு பேர், எல்லாருமே ஏ. 2025 மார்ச்சுல முடிவைச் சொன்னாங்க: பெரிய பக்கவிளைவு இல்லை, ரெண்டு பேருக்கு முன்னேற்றம், அதுல ஒருத்தர் துணையில்லாம நின்னு நடைப் பயிற்சி ஆரம்பிச்சிருக்கார், ரெண்டு பேருக்குத் தரம் மாறலை. இந்த நாலு பேருக்கும் அடிபட்ட 14-ல இருந்து 28 நாளுக்குள்ள செல் வெச்சாங்க, அதனால தானா திரும்பின கணக்கு இங்கேயும் உண்டு. அந்தக் குழுவே பாதுகாப்புதான் முதல் நோக்கம்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. எனக்கு நம்பிக்கை வர்றது இந்த மாதிரி ஆளுங்ககிட்டதான். நாலு பேர்ல ரெண்டு பேருக்கு வரலைன்னு சொல்றாங்களே, அதனாலதான்.

எங்க அண்ணனுக்கு இதுல ஒரு கசப்பு இருக்கு. இந்த ஜப்பான் ட்ரையல் ரெண்டுமே அடிபட்ட ஒரு மாசத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு. அண்ணனுக்கு வருஷக்கணக்கு ஆயிடுச்சு. சுவர் எழும்பிடுச்சு. பழைய காயத்துல முன்னேற்றம் காட்டினதுன்னு பார்த்தா ஃபிடிகா மாதிரி விரல் விட்டு எண்ணுற ஆளுங்கதான். இதை அவர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு நாள் போனை எடுக்காம ஒளிஞ்சுக்கிட்டு இருந்தேன்.

கிளினிக்குக்கு நானே போன் பண்ணேன். ரொம்ப அன்பாப் பேசினாங்க. என்ன வகைச் செல்னு கேட்டேன். "ஸ்டெம் செல் சார்." எதுல இருந்து எடுத்தது, எத்தனை, எங்க போடுவீங்க? "டாக்டர் நேர்ல சொல்வார் சார்." இது ட்ரையலா இருந்தா சிடிஆர்ஐ பதிவு எண் கொடுங்கன்னேன். நம்ம நாட்டுல மருத்துவ ட்ரையல்களைப் பதிவு பண்ற அரசுத் தளம் அது, யார் வேணாலும் தேடிப் பார்க்கலாம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சார், இது ட்ரையல் இல்லை, ட்ரீட்மென்ட்."

அந்த ஒரு பதில் போதும். ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்குப் பண்ற எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரியானவைதான் நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை. தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் கொடுக்கணும்னா அனுமதி வாங்கின ட்ரையலுக்குள்ளதான் கொடுக்கணும். ட்ரையல்னா நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. ஒன்பது லட்சம்ங்கிற அந்த எண்ணே விடையைச் சொல்லிடுது. அவங்க பேர் சொல்லலை, ஏன்னா இதே பிரோஷர் வேற வேற பேர்ல இன்னும் எத்தனையோ போன்ல ஓடிக்கிட்டு இருக்கும்.

பெரியப்பாவுக்கு இதை விளக்கினது, என் வாழ்க்கையிலேயே கஷ்டமான டெக்னிகல் ப்ரெசன்டேஷன். "அப்போ அந்த போலந்துக்காரன் நடந்தது பொய்யா?"ன்னு கேட்டார். பொய் இல்லை பெரியப்பா, நிஜம்னேன். "அப்புறம் என்ன?"ன்னார். அவர் கேள்வியில தப்பே இல்லை. அந்த ஆளோட மண்டையைத் திறந்தாங்க, அவரோட செல்லையே வளர்த்தாங்க, தண்டுவடத்துல நூறு இடத்துல ஊசி போட்டாங்க, இவங்க எதையோ கையில ட்ரிப்ஸா ஏத்தப் போறாங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "நிலம் அங்கேயேதானே இருக்கப் போகுது"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். ஒத்துக்கிட்டாரா, தள்ளிப்போட்டாரான்னு எனக்கு இன்னும் தெரியாது.

இதுல எனக்கே உறைச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த மாசம் முழுக்க நானும் பெரியப்பாவும் "நடை"யைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தோம். 2004-ல அமெரிக்காவுல கிம் ஆண்டர்சன்ங்கிற ஆராய்ச்சியாளர், அவரே தண்டுவடக் காயம் உள்ளவர், 681 பேர்கிட்ட ஒரு சர்வே எடுத்தார். எது திரும்பக் கிடைச்சா வாழ்க்கை மாறும்? கை, கால் நாலும் செயலிழந்தவங்க அதிகமாச் சொன்னது கை அசைவு. இடுப்புக்குக் கீழே செயலிழந்தவங்க அதிகமாச் சொன்னது பாலியல் வாழ்க்கை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு ரெண்டு தரப்புக்குமே முக்கியம். நடக்கிறது முதல் இடத்துல இல்லை.

அண்ணன்கிட்ட கடைசியாப் பேசினேன். எல்லாத்தையும் சொன்னேன், மூக்கு, எலி, ஜப்பான், அந்தச் சளிக்கட்டி உட்பட. பொறுமையாக் கேட்டார். நடுவுல அவர் ரீஹேப்ல இருந்தப்போ கேள்விப்பட்ட மேரி வர்கீஸ் பத்திச் சொன்னார். வேலூர் சிஎம்சி டாக்டர். 1954-ல விபத்துல இடுப்புக்குக் கீழே செயலிழந்து, வீல்சேர்ல இருந்தபடியே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணவர். 1966-ல வேலூர்ல மறுவாழ்வு மையம் தொடங்கக் காரணமா இருந்தவர். "அந்தம்மாவுக்கு எந்தச் செல்லும் வெக்கலைடா"ன்னு சிரிச்சார்.

அப்புறம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "டேய், அந்த போலந்துக்காரனுக்கு பாத்ரூம் விஷயம் சரியாச்சா?"

முழுசா இல்லைண்ணே, ஆனா உணர்வு கொஞ்சம் திரும்பியிருக்குன்னு சொன்னேன்.

"அதை முதல்ல சொல்ல வேண்டியதுதானே. எலி, மூக்குன்னு ஒரு மணி நேரமா ஓட்டிக்கிட்டு இருக்கே."